இரண்டு முத்திரை வைத்த கையேடு

மீன்குளங்கள் நிறைந்த கடலோர ஊரான லின்பியானில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் ஜுவாங் பெய்லான் முதலில் செய்கிற காரியம், மேசையிலிருக்கிற சோயா சாஸ் பாட்டிலைத் தூக்கி அடியில் பார்ப்பதுதான். கெடு தேதி தாண்டியிருந்தால் தொலைந்தது. "இதை ஊத்திதான் எனக்கு மீன் வேகவச்சியா?" என்று வீட்டுக்காரியை நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவாள். கல்யாண வீடு, சாவு வீடு என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. ஊரார் அவளுக்குத் தேதிக்காரி என்று பேர் வைத்ததில் என்ன தப்பு?

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. காவ்ஷியுங் நகரத்தில் ஒரு பெரிய கடையில் பாதி ஆயுளைக் கழித்தவள். அலமாரி அலமாரியாகப் போய், நாள் கடந்த பாலையும் ரொட்டியையும் பொறுக்கி எடுத்துத் தள்ளுவதுதான் வேலை. முழங்கால் தேய்ந்ததும் வேலையை விட்டுவிட்டுத் தம்பி குவோலின் வீட்டோடு வந்துவிட்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. "வந்த மாப்பிள்ளைக்கெல்லாம் அக்கா அடியில தேதி பார்த்தா, எவன் நிப்பான்?" என்று பக்கத்துக் குளத்துத் திங்ஃபா கேலி பண்ணுவான். அவளும் சிரிப்பாள். அது அவன் இந்த வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்த காலம்.

குவோலின் களவா மீன் வளர்க்கிறவன். திங்ஃபா மீன்குஞ்சு விற்கிறவன். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே ராணுவ முகாம், ஒரே பீர் பாட்டில். போன வருஷம் வெயில் காலத்தில் குவோலின் குளத்தில் மீன் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தது. நோய் பிடித்த குஞ்சைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடல் அம்மன் கோயில் வாசலில் வைத்துத் திங்ஃபாவின் சட்டையைப் பிடித்துவிட்டான் குவோலின். "கொலைகாரப் பாவி" என்று ஊர் கூடிய இடத்தில் சொன்னான். அதற்கப்புறம் திங்ஃபாவிடம் குஞ்சு வாங்க ஆட்கள் யோசித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது. ஒரு வரப்புதான் நடுவில், ஆனாலும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தீவனம் வீசினார்கள்.

அந்த அடியிலிருந்து எழ குவோலினுக்கு அந்த வருஷத்து மிச்சம் முழுசும் ஆனது. இடையில் குளத்தில் பேருக்குக் கொஞ்சம் மீன்தான் விட்டிருந்தான். இந்த வருஷம்தான் துணிந்து வேறொருவனிடம் குஞ்சு வாங்கிக் குளத்தை நிறைத்தான். வெயில் காலம் பூராவும் ராத்திரியில் கரையிலேயே கிடந்து, மீன் சோர்ந்தால் தண்ணீரைக் கலக்கும் சக்கரங்களைத் தன் கையாலேயே ஓடவிட்டான். புது வருஷ விருந்துக்கு விற்கிற பருவத்துக்கு மீன் வந்துகொண்டிருந்தது. இதுவும் போனால் குளத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு லாரி ஓட்டப் போக வேண்டியதுதான். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அக்காவை மட்டும் அவன் குளத்துப் பக்கம் விடவே மாட்டான். "அக்கா, உனக்குப் பால் பாக்கெட்தான் தெரியும். மீனுக்குத் தேதி எல்லாம் போட்டிருக்க மாட்டாங்க" என்பான். அவளுக்கு அது சுருக்கென்று தைக்கும். சிரித்துக்கொண்டே சோறு போடுவாள்.

அப்படியிருக்கையில் புயல் வந்தது. கூரைத் தகரத்துக்குக் கயிறு கட்ட ஏறிய குவோலின் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அக்காவின் கையைப் பிடித்து, "குளம் உன் பொறுப்பு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பெண்டாட்டி கூடவே ஏறிக்கொண்டாள். வண்டி போய்விட்டது. பெய்லான் மழையில் நனைந்தபடி வாசலில் நின்றாள். ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாக இந்தத் தம்பி தன்னை நம்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

புயல் வடக்கே நகர்ந்தது. போயிருந்த கரண்ட் மறுநாள் பளீரென்று திரும்பி வந்தது. வந்த வேகத்தில் குளத்தங்கரைப் பெட்டி புகைந்து கருகிவிட்டது.

இந்தப் பெட்டிதான் குளத்துக்கு உயிர். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். குறைந்தால் தானாகவே துடுப்புச் சக்கரங்களை ஓடவிட்டுத் தண்ணீரைக் கலக்கும். புயலுக்குப் பிறகு காற்று அசையாமல் புழுங்குகிற நாளில்தான் குளத்தில் மூச்சு முட்டும். நல்லவேளை, அதே ரகத்தில் இன்னொரு பெட்டியை குவோலின் வாங்கி வைத்திருந்தான். மின்சாரக் கடைக்காரர் வந்து அவசர அவசரமாக மாட்டினார். அவருக்கு ஊரெல்லாம் வேலை.

புதுப் பெட்டி உயிர் வந்து கண்ணைச் சிமிட்டியது. ஒரு கேள்வி கேட்டது. தண்ணீரின் உப்பு எவ்வளவு?

"என்ன போடணும்?" என்றாள் பெய்லான்.

"எனக்கு ஒயர்தான்க்கா தெரியும். கையேட்டைப் பாருங்க."

"கையேட்டைக் கரையான் தின்னுடுச்சே!"

"நெட்ல கிடக்கும். எல்லாமே நெட்ல கிடக்கு இப்ப." அவர் ஸ்கூட்டரில் ஏறிவிட்டார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "பச்சைப் பொட்டலத்தை மறந்துடாதீங்க, மெஷின் முரண்டு பிடிக்கும்" என்றார்.

அதை அவள் மறப்பாளா? எங்கள் பக்கம் எந்த இயந்திரத்தின் தலையிலும் ஒரு பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். சமர்த்தாக இரு என்பதுதான் அதன் பெயரே. நாள் கடந்த பொட்டலம் வைத்தால் இயந்திரம் கோபித்துக்கொள்ளும். பழைய பொட்டலத்தைத் தேதி பார்த்துத் தூக்கி எறிந்துவிட்டு, கடைக்கு ஓடிப் புதுசு வாங்கி வந்து வைத்தாள். அன்றைக்கு அவள் சந்தேகமில்லாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் தேடினாள். பெட்டியின் பெயரைப் போட்டதும் வந்து குவிந்தது பாருங்கள்! விற்கிறவன் பக்கம், வாங்கினவன் பக்கம், விற்காதவனும் வாங்காதவனும் சண்டை போடுகிற பக்கம். ஒருத்தன் உப்பு போடாதே என்கிறான். இன்னொருத்தன், போடாவிட்டால் நாசம் என்கிறான். மூன்றாவது ஒரு புண்ணியவான் என் பிரச்சினை தீர்ந்துவிட்டது, நன்றி என்று எழுதியிருக்கிறான். எப்படித் தீர்ந்தது என்று மட்டும் எழுதவில்லை. அவன் நாசமாய்ப் போக!

கடைசியில் ஒரு இணையதளம் கண்ணில் பட்டது. மேலே கம்பெனியின் நீல அலைச் சின்னம். உள்ளே கையேடு. முதல் பக்கத்திலேயே சிவப்பில் இரண்டு முத்திரை, கம்பெனியின் பெரிய முத்திரையும் முதலாளியின் சின்ன முத்திரையும். பெய்லானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வங்கியோ நிலப்பதிவோ, பெரிசும் சின்னதுமாக இரண்டு முத்திரை விழுந்தால்தான் அது காகிதம், இல்லாவிட்டால் கடலை மடிக்கத்தான் ஆகும். இதைப் பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவள் அவள். ஆனாலும் தேதிக்காரி இல்லையா? கீழே வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். அடியில் பொடி எழுத்தில், இந்தப் பக்கம் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாள் என்று போட்டிருந்தது. அன்றைய தேதி!

"இன்னிக்குக் காலையில சுட்ட ரொட்டி!" என்று வாய்விட்டே சொன்னாள்.

அந்தக் கையேடு தெளிவாகச் சொன்னது: உப்பு அளவைப் பூஜ்யமாகவே விடவும். உணர்கருவி தானே சரிசெய்துகொள்ளும்.

பூஜ்யத்தை அழுத்தப் போனவளை டிங் என்று போன் நிறுத்தியது. மீன் வளர்க்கிறவர்களின் குழு. பெட்டி கருகிப் புதுசு மாட்டினவர்களுக்கு என்று தொடங்கி யாரோ ஒரு கோப்பு அனுப்பியிருந்தார்கள். திறந்தாள். வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு எழுத்து. சின்னம் வேறு, கம்பெனிப் பெயரிலும் ஏதோ ஒட்டு சேர்ந்திருந்தது. முத்திரை? மருந்துக்குக்கூட இல்லை. தேதியோ இரண்டு வருஷம் பழசு. அது சொன்னது: கடல்நீர்க் குளங்களில் உப்பு அளவைக் கட்டாயம் இடவும். இடாவிட்டால் ஆக்சிஜன் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

அனுப்பினது யார் என்று பார்த்தாள். திங்ஃபா.

குழுவில் அத்தனை பேருக்கும்தான் அனுப்பியிருக்கிறான். ஆனால் இந்தத் தெருவில் பெட்டி கருகினது இங்கே மட்டும்தானே? நல்லதுக்கு அனுப்பினானா? கவிழ்க்க அனுப்பினானா? நல்லது நினைக்கிறவன் எதற்காக இப்படி ஊர் பேர் தெரியாத காகிதத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்? சட்டையைப் பிடித்தவன் குளம் பிழைக்கட்டும் என்று எவனாவது நினைப்பானா? சே, திங்ஃபா அப்படிப்பட்டவன் இல்லை. இல்லையென்றால் குஞ்சு விஷயத்தில் மட்டும் எப்படி? யோசிக்க யோசிக்க நூல் கண்டாகச் சிக்கிக்கொண்டது.

கம்பெனிக்கே போன் போட்டாள். அது வடக்கே தைச்சுங்கில் இருக்கிறது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, அங்கே புயல் விடுமுறையாம். பதிவு செய்த குரல் ஒன்று மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்டது. தம்பியின் பெண்டாட்டியைக் கூப்பிட்டாள்.

"அவரை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க, அண்ணி. பெட்டியாவது உப்பாவது, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களே பார்த்து ஏதாவது செய்யுங்க" என்று அவள் அழுதாள். அவளிடம் என்னத்தைக் கேட்பது?

ஆக, நீங்களே சொல்லுங்கள். ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம், இரண்டு சிவப்பு முத்திரை, இன்றைய தேதி. இன்னொரு பக்கம் மொட்டைக் காகிதம், பழைய தேதி, அனுப்பினவன் ஜென்ம விரோதி. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். பெய்லான் பூஜ்யத்தை அழுத்தினாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பொட்டலத்தை ஒரு தட்டுத் தட்டி, "சமர்த்தா இருடா கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனாள்.

விடிகிற வேளையில் குளத்துக்கு வந்தவள் அப்படியே நின்றாள். தண்ணீர் மட்டத்தில் வாய் வாயாகத் தெரிந்தது. களவா அடியில் கிடக்கிற மீன், மேலே வந்து வாயைப் பிளக்கிற ஜாதியே இல்லை. பெட்டியைப் பார்த்தாள். பச்சை விளக்கு. ஆக்சிஜன் போதுமான அளவு என்று எண் காட்டியது. மீனைப் பார்த்தாள். வாய் பிளந்திருக்கிறது. பெட்டியைப் பார்த்தாள். பச்சை. சக்கரங்கள் அசையாமல் கிடந்தன. போனை எடுத்து முத்திரைக் கையேட்டை மறுபடி படித்தாள். எல்லாம் சொன்னபடிதான் செய்திருக்கிறாள். அப்புறம் எதற்கு இந்த மீன்கள் இப்படிச் செய்கின்றன? பசியா? புயல் பயமா? நோயா? போன வருஷம் மாதிரி நோயா?

வரப்புக்கு அந்தப் பக்கம் திங்ஃபா தன் நாயோடு வந்து நின்றான். இவளைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்துத்தான் பேசினான், ஊருக்கே கேட்கிற குரலில்.

"ஏண்டா குரோ, விளக்கு பச்சையா இருந்தா மீன் மூச்சு விடுமாடா? சில பேரு மீனைப் பார்க்க மாட்டாங்க, பெட்டியத்தான் பார்ப்பாங்க. இல்லையாடா?"

நாய் வாலை ஆட்டியது.

பெய்லானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாய்கிட்ட பேசறவங்களுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை!"

"குரோ, பெட்டிக்குக் கீழ சிவப்புப் பிடி ஒண்ணு இருக்கும்டா. அதக் கையால இறக்கினா எல்லாச் சக்கரமும் ஓடும். உனக்குக் கை இல்லையேடா, என்ன பண்ணுவ? கை இருக்கிறவங்க நிக்கறாங்களே மரம் மாதிரி!" பேச்சு நடுவிலேயே அவன் குரல் உடைந்துவிட்டது. நாயை விட்டுவிட்டு நேராக அவளைப் பார்த்துக் கத்தினான். "ஐயோ, அக்கா, இறக்குங்க! சாகுது!"

அவள் பிடியை இறக்கினாள். ஒன்றைத் தவிர மற்ற சக்கரங்கள் எல்லாம் ஒரேயடியாகச் சுழன்று தண்ணீரை அடித்தன. திங்ஃபா முழங்கால் வரை குளத்தில் இறங்கி, ஓடாமல் நின்ற அந்தச் சக்கரத்தைக் கையால் உந்திவிட்டான். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. ஒரு மூலையில் மட்டும் வெள்ளை வயிறுகள் மிதந்தன. பெரிய மீன்கள். மற்றதெல்லாம் பிழைத்துவிட்டது. அவன் கால் சேற்றைக் கழுவிக்கொண்டு நாயைக் கூட்டிக்கொண்டு போனான். நன்றி சொல்வதா வேண்டாமா என்று அவள் குழம்பி முடிப்பதற்குள் வரப்பைத் தாண்டிவிட்டான்.

செத்ததை அள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது போன் கையில் திறந்தே இருந்தது. முத்திரைப் பக்கத்தின் அடியில் தேதியைப் பார்த்தாள். கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாள், இன்று. நேற்றும் இன்று என்றுதானே இருந்தது? அப்படியானால் நாளைக்கும் இன்று என்றுதான் இருக்குமா? எந்தக் கடையில் அய்யா இப்படிப் பால் விற்பார்கள்? கம்பெனிக்கு மறுபடி போன் போட்டாள்.

தைச்சுங்கில் விடுமுறை முடிந்திருந்தது. கம்பெனியில் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள்.

"அந்த இணையதளம் முன்ன எங்களோடதுதான்மா. வேற கம்பெனியோட சேர்ந்தப்ப பேரை மாத்திக்கிட்டோம், அந்த முகவரியை விட்டுட்டோம். யாரோ அதை வாங்கி விளம்பரத்துக்கு நடத்தறாங்க. தேதி தானா மாறும்."

"முத்திரை? அது திருட்டு முத்திரையா?"

"இல்லம்மா, எங்க முத்திரைதான். கையேடும் எங்களோடதுதான். பழைய உணர்கருவிக்கு எழுதினது, அவ்வளவுதான். புதுசுல நாங்க முத்திரை வைக்கறதையே விட்டுட்டோம்."

"அப்ப நான் பார்த்தது நிஜமா, பொய்யா? ஒண்ணு சொல்லும்மா, தலை வெடிக்குது!"

"நிஜம்தான்மா. ஆனா பழசு."

பெய்லான் போனை வைத்தாள். நாள் கடந்த பாலும் நிஜப் பால்தானே? ஆயுசு பூரா அதைத்தானே பொறுக்கினாள்? முத்திரையைப் பார்த்ததும் அது எப்படி மறந்து போனது? தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று சாயங்காலமே தம்பியைப் பார்க்கக் காவ்ஷியுங் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறினாள். பால் கெண்டை மீன் போட்ட கஞ்சி கொண்டு போயிருந்தாள். குவோலின் கண் விழித்து, இடுப்பில் கட்டோடு படுத்திருந்தான். பெண்டாட்டி சுடுதண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்.

"மீன் எப்படி இருக்கு?" என்றான்.

மறைக்க அவளுக்குத் தெரியாது. மூலையில் மிதந்ததைச் சொன்னாள். சக்கரத்தைக் கையால் தள்ளியது யார் என்பதையும் சொன்னாள். "என்ன வேணா திட்டு. நீ என்னை நம்பி விட்டுட்டுப் போன. நான் சாக விட்டுட்டேன்" என்று அழுதாள்.

"எப்படி ஆச்சு?"

"உப்புக்குப் பூஜ்யம் போட்டேன். கையேட்டுல அப்படித்தான் இருந்தது. பெரிய முத்திரை, சின்ன முத்திரை, எல்லாம் இருந்ததுடா. இதோ பாரு." போனை நீட்டினாள்.

குவோலின் வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் திட்டவில்லை.

"இது தப்பா?" என்றான்.

"தப்பு இல்லையாம். பழசாம். இந்தப் பெட்டிக்கு உப்பு போட்டே ஆகணுமாம். இல்லைன்னா ஆக்சிஜன் இல்லாதப்பவும் இருக்குன்னு காட்டுமாம். கம்பெனியில கேட்டுட்டேன்."

"முதல் பெட்டி போன வருஷம் நான்தானே மாட்டினேன்" என்றான் குவோலின். "வெயில் காலத்துல."

"ஆமா."

"நெட்ல இதே கையேட்டைப் பார்த்துத்தான் மாட்டினேன், அக்கா. இதே முத்திரை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. போன வருஷமா? வெயில் காலத்திலா? பிறகு விளங்கியது. தம்பியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"குஞ்சுல நோயே இல்ல, மூச்சு முட்டித்தான் செத்திருக்கு" என்றான் அவன். "கோயில் வாசல்ல வச்சு அவன் சட்டையப் பிடிச்சேனே. கொலைகாரப் பாவின்னு சொன்னேனே, அக்கா. அத்தனை பேர் முன்னாடி." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரலிடுக்கில் கண்ணீர் வழிந்தது. அப்பா செத்தபோதுகூட அவன் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அவளிடமே நீட்டினான். "அவனுக்குப் போடு. என் போன்ல அவன் நம்பரை அழிச்சுட்டேன்."

அவள் குழுவில் தேடி எடுத்துப் போட்டாள். மணி அடித்தது. எடுத்ததும் திங்ஃபாதான் முந்திக்கொண்டான். "அக்கா, சக்கரத்தை நிறுத்திடலையே? இன்னும் ரெண்டு நாளைக்கு ஓடட்டும். அவன் எப்படி இருக்கான்? ஆபரேஷன் ஆச்சா?"

பெய்லான் போனைத் தம்பியின் காதில் வைத்தாள்.

"நான்தான்டா" என்றான் குவோலின்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. திங்ஃபா போனை வைக்கவும் இல்லை.